கமிஷனர் மூடச் சொன்ன பள்ளம்

பள்ளத்துக் காவலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்திருப்பார்கள். கேட்டை எப்போது திறப்பது, எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர், கோரைக்காட்டுக்குள் யாரை விடக்கூடாது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆபீசில் ஆள் இருக்கிறது. அதில் நான் தலையிடப்போவதில்லை. நீங்கள் காவல் காக்கப்போவது இந்தப் பள்ளத்தில் மீந்து கிடக்கிற பாதியைத்தான். மற்றப் பாதி எப்படிப் போயிற்று என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது ஒரே ஒரு சொல்லால் போயிற்று. அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. சாத்தூர்ப் பக்கம். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன், ரயில்வேயில் ஜல்லி கொத்தினேன், வால்பாறை எஸ்டேட்டில் அட்டைக்கடி பட்டேன். எந்த ஊரிலும் எனக்குக் கால் தரிக்காது. பசித்தால் ஓரிடத்தில் இறங்குவேன், வயிறு நிறைந்ததும் கிளம்பிவிடுவேன். திருப்பூரில் நானாக இறங்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் இறக்கிவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் வேலை கேட்டேன். "பள்ளத்துல ஆள் வேணும்னு முனிசிபாலிட்டில தேடீட்டிருக்கறாங்க, போய்ப் பாருங்க" என்றார்கள். எங்கள் பக்கம் பள்ளம் என்றால் தரையில் விழுந்த குழி. குழி வெட்டுகிற வேலை என்று நினைத்து, கடைக்காரரிடமே ஒரு கடப்பாரையை இரவல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

வழியில் குடமும் இடுப்புமாக ஒரு பெண் எதிரே வந்தாள். பெயர் மயிலாத்தாள் என்று பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, கடப்பாரையத் தூக்கீட்டு எங்கீங்க?"

"பள்ளம் வெட்ட வந்தேம்மா."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டுத்தான் சிரித்தாள். "பள்ளத்தை வெட்டறதுங்களா? அதை எங்கப்புச்சி பொறக்கறதுக்கு முந்தியே மழை வெட்டி வெச்சிருச்சுங்க. இதா, ஓடுதுங்களே, கண்ணுக்குத் தெரியலீங்களா?"

அவள் காட்டிய இடத்தில் ஓர் ஓடை போய்க்கொண்டிருந்தது. இந்தச் சீமையில் ஓடைக்குப் பெயர்தான் பள்ளம் என்று அப்படித் தெரிந்துகொண்டேன்.

"அப்போ தரையில தோண்டுறதை என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன்.

"குழிம்போம். ஆனா எங்க வீதியில குழின்னா அது ஊட்டுக்குள்ள இருக்கறதுங்க. எங்க ஊட்டுக்காரரு காலையிலிருந்து பொழுது சாயற வரைக்கும் அதுக்குள்ளதான் காலை உட்டுட்டு உக்காந்திருப்பாரு."

அவள் சொன்னது தறிக்குழியை. தரையில் இடுப்பளவு குழி எடுத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற கைத்தறி. பள்ளத்தின் மேல்முனையில் ஒரே ஒரு வீதி இருந்தது. அந்த வீதியில் வீட்டுக்கு வீடு குழித்தறி. கோடியில் ஒரு முருகன் கோயில். ஊருக்குள் பனியன் மிஷின்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீதி மட்டும் சேலையும் வேட்டியும் நெய்துகொண்டிருந்தது. மயிலாத்தாளின் புருஷன் ஆறுமுகம் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவள் பேசுவாள். காலை வேளையில் முனிசிபாலிட்டி தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வருவாள்.

அன்றைக்கு இந்த இடம் எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்முனையில் வீதி. அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் கோரைக்காடு. அதற்கும் கீழே இரண்டு கரையிலும் தோட்டம், நடப்பதற்கு மண்பாதை. கீழ்முனையில் ஒரு குறுகலான கேட். பக்கத்து வார்டுகளின் குடிதண்ணீர்க் கிணறுகளுக்கெல்லாம் இதிலிருந்துதான் ஊற்று. அதனால், பள்ளத்துக்குள் துணி அலசக்கூடாது, வண்டி இறக்கக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது என்று பழைய கவுன்சில் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதற்குத்தான் காவல்.

கேட்டுக்கு வெளியே சலவைப்பட்டறை. பனியன் துணியைக் காரம் போட்டு வெளுப்பது அங்கே. பட்டறைக்காரர் கவுன்சிலில் உறுப்பினர். ஊரே அவரை மெம்பர் என்றுதான் சொல்லும். வெளுத்த துணியைக் காயப்போட அவருக்குக் களம் போதவில்லை. பள்ளத்தின் கீழ்ப்பாதி அவர் கண்ணில் விழுந்து கிடந்தது. அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக அவருடைய ஆள் ஒருவன் மூட்டையோடு வந்து பள்ளத்தில் துணி அலசினான். நான் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டேன். ஓவர்சீயர் வந்து, "அவனை விட்டுட்டு மூட்டையைப் பிடிங்க. ஆளைப் பிடிச்சா அவன் ஊட்ல அழுவாங்க. மூட்டையைப் பிடிச்சா முதலாளி வருவாரு" என்றார். சொன்னபடியே மெம்பர் வந்தார். "நெம்ப நல்லாக் காவல் காக்கறீங்க. உங்களாட்ட ஆளுகதான் வேணுமுங்க" என்று என்னைக் கும்பிட்டார். மூட்டையை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கும்பிடுக்குப் பிறகு எனக்கு அவரிடம் பயம் வந்துவிட்டது.

அந்த ஓவர்சீயரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல புத்தியெல்லாம் அவரிடமிருந்து வந்தது. கெட்ட நாளும் அவரிடமிருந்துதான் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போதிருந்த சேர்மன் பாதையில் நடந்துகொண்டே, "அந்த வேம்பை எடுத்துருங்க" என்றாராம். இவர் ஆள் விட்டு ஒரு பெரிய வேப்பமரத்தை அடியோடு வெட்டிவிட்டார். சேர்மன் சொன்னது பாதையில் முறிந்து விழுந்து கிடந்த கிளையை. மறுநாள் சேர்மன் வந்து வெட்டிய அடிமரத்தில் உட்கார்ந்து அழுததாக ஓவர்சீயர் சொல்வார். அதிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம்.

"உத்தரவு போட்டவரு திரும்பி நடக்கறதுக்குள்ள, அவரு சொன்னதை வேற வார்த்தையில திருப்பிச் சொல்லிக் கேட்டுப்போடோணும். அவரு வார்த்தையையே திருப்பிச் சொன்னாப் பிரயோசனம் இல்லை. நம்ம வார்த்தையில சொல்லோணும். அவரு தலையாட்டுனாத்தான் மம்முட்டியத் தொடறது."

இந்த வழக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆடி மாதம் புதிய கமிஷனர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். நல்ல மனிதர்தான். பள்ளத்துத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவராகவே கேட்டு வந்தார். கூட மெம்பர், ஓவர்சீயர், கான்ட்ராக்டர் ஒருவர், பின்னால் நான். பள்ளத்து ஓரமாக மண்பாதையில் நடந்துகொண்டிருந்தோம். பாதையில் மழைக்குக் கரைந்து போன ஒரு குழி இருந்தது. கமிஷனர் காற்றில் சாயும் கோரையைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், அதில் காலை விட்டுவிட்டார். முழங்கால் வரை சேறு. மெம்பர்தான் தோள் கொடுத்துத் தூக்கினார்.

கமிஷனருக்குக் கோபம் வந்துவிட்டது. குடையின் நுனியால் குழியைக் காட்டினார். காட்டிய குடைக்கு நேர் பின்னால் பள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

"முதல்ல இந்தப் பள்ளத்தை மூடுங்கய்யா! மனுஷன் நடக்கிற இடமா இது?"

மெம்பர் குடை நீண்டிருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "ஆகட்டுங்க. மூடிப்போடலாமுங்க" என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கான்ட்ராக்டரின் முகத்தில்தான் தெரிந்தது. அவர் குழியைப் பார்க்கவே இல்லை. தலையைத் தூக்கி, கேட்டிலிருந்து கோரைக்காடு வரைக்கும் கண்ணால் அளந்தார்.

நான் ஓவர்சீயரைப் பார்த்தேன். வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்க வேண்டியவர் அவர். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி.

அதனால் நான் கேட்டேன். "அய்யா, இந்தக் குழியைத்தானே மூடச் சொல்றீக?"

கமிஷனர் அதற்குள் திரும்பி, காலைக் கழுவத் தண்ணீர்க் குழாயைத் தேடி நடந்துகொண்டிருந்தார். எனக்குப் பதில் சொன்னது மெம்பர். மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"அவங்கதான் தெளிவாச் சொல்லீட்டாங்களேங்க, பள்ளத்தை மூடோணும்னு. பெரியவங்களை ரெண்டு தடவை சொல்ல வெக்கக்கூடாதுங்க."

அவர்கள் போன பிறகு நான் மண்வெட்டியை எடுத்தேன். அந்தக் குழியை அப்போதே மூடிவிட்டால், பள்ளம் மூடியாயிற்று என்று ஆபீசில் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. ஓவர்சீயர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதீங்க. அதுதான் நமக்குச் சாட்சி. நாளைக்கு ஏதாச்சும் பிரச்சனை வந்தா, அய்யா எதுல காலை விட்டாருன்னு காட்டறதுக்கு அந்தக் குழி வேணும்."

நன்றாக யோசித்துச் சொன்ன பேச்சாகத்தான் அப்போது பட்டது. நான் அந்தக் குழியைச் சுற்றி வேலாமுள் வெட்டி வந்து அடைத்தேன். ஆடோ மாடோ மிதித்து அதன் வடிவம் கெட்டுவிடக் கூடாதே என்று தினமும் போய்ப் பார்த்தேன். மயிலாத்தாள் குடத்தோடு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நிற்பாள்.

"ஏனுங்க காவக்காரரே, பூவுக்கு வேலி பார்த்திருக்கறேன். குழிக்கு வேலி இப்பத்தானுங்க பார்க்கறேன். இது என்ன, பூக்குமுங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"கீழ மூடுனா மேல இருக்கற தண்ணி எங்கீங்க போகும்?"

"மூட மாட்டாக. நான் இருக்கேன்ல."

"நீங்க ஊர் ஊராப் பார்த்து எந்திரிச்சுப் போற ஆளுங்க. நாங்கதான் இங்கயே இருக்கோணும்."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. இந்த முறை எழுந்து போவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் வண்டிகள் வந்தன. பட்டறைப் பாய்லர் சாம்பலும் செம்மண்ணும் ஏற்றிய மாட்டு வண்டிகள், கேட்டிலிருந்து ரோடு வரை வரிசையாக. நான் கேட்டைச் சாத்தினேன். கான்ட்ராக்டரின் ஆட்கள் அதைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். குறுக்கே படுத்தால் தூக்கி ஓரமாகப் போடுவார்கள். போலீசுக்குப் போனால், முனிசிபாலிட்டி வேலையை முனிசிபாலிட்டி ஆளே தடுக்கிறான் என்று என்னைத்தான் உள்ளே வைப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. முதல் வண்டி கேட்டின் குறுகலுக்குள் நுழைந்ததும், சக்கரம் கழன்று போகாமல் அச்சின் முனையில் செருகியிருக்கும் கடையாணியை உருவிக்கொண்டு ஓடினேன். வண்டி இனி ஓரடி நகர்ந்தாலும் சக்கரம் கழன்று வழியை அடைத்துக்கொள்ளும். பின்னால் உள்ள ஒரு வண்டியும் உள்ளே வர முடியாது.

வண்டிக்காரர் கத்தினார். "ஏனுங்க, ஏனுங்க! என்ற கடையாணியத் தூக்கீட்டு எங்கீங்க ஓடறீங்க?"

"கமிஷனர்கிட்ட! வந்து தாரேன்!"

"கமிஷனர் ஊட்டு வண்டிக்கு ஆணி இல்லீங்களா?" என்று அவர் கேட்டதும், வரிசையில் நின்றவர்கள் சிரித்ததும் ரோடு வரை கேட்டது.

ஆபீசில் கமிஷனர் என்னை உட்காரச் சொன்னார். அப்படிச் சொன்ன அதிகாரியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். இந்த ஊரில் பள்ளம் என்றால் ஓடை, நீங்கள் மூடச் சொன்னது குழியை, இவர்கள் மூட வந்திருப்பது ஓடையை என்றேன்.

"ஓடையையா பள்ளம்ங்கிறான் இந்த ஊர்ல? அட!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஓவர்சீயரைக் கூப்பிடச் சொன்னார்.

ஓவர்சீயர் வந்து கதவோரம் நின்றார்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"அய்யா பள்ளம்னுதாங்க சொன்னீங்க."

"எதைக் காட்டிச் சொன்னேன்?"

"நான் பின்னால நின்னனுங்க. காட்டுனதைப் பார்க்கலீங்க."

தம்பிகளே, அவர் சொன்னதில் முதல் வாக்கியம் சத்தியம். இரண்டாவதை மறுக்க என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. என் பேச்சு யாருக்கு வேண்டும்? நான் ஓவர்சீயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்த கடையாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு கமிஷனர் தணிந்த குரலில் பேசினார். "நீ சொல்றது நிஜம்தான். நான் குழியைத்தான் சொன்னேன். ஆனா போன கூட்டத்துல, புது கமிஷனர் வந்ததும் வராததுமா பள்ளத்தை மூடச் சொல்லி ஊருக்கு நல்லது செஞ்சாருன்னு எனக்கு மாலை போட்டாங்க. நானும் குனிஞ்சு வாங்கிண்டேன். இப்போ போய், எனக்கு உங்க பேச்சு புரியலைன்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு நான் போடுற எந்த உத்தரவை எவன் மதிப்பான்?"

"ஒரே ஒரு தடவை வந்து அந்தக் குழியை மட்டும் பாருங்கய்யா. வேலி போட்டு வச்சிருக்கேன்."

"நாளைக்குப் பார்ப்போம்" என்றார். பிறகு, "அது என்ன கையில?" என்று கேட்டார்.

"கடையாணிய்யா."

"திருப்பிக் குடுத்துடு. அடுத்தவன் வண்டி, பாவம்."

திரும்பி வந்தபோது வண்டிக்காரர் நுகத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாடுகள் கரையில் நின்று கோரையை மேய்ந்துகொண்டிருந்தன.

"வந்துட்டீங்களா? மாடு கொஞ்சம் கோரையத் தின்னுபோடுச்சுங்க. அதுக்கு என்னைய வையாதீங்க. என்னங்க சொன்னாங்க?"

"நாளைக்குன்னாக."

அவர் வருத்தமாகத்தான் சொன்னார். "எனக்கு இன்னிக்குன்னு சொல்லியிருக்கறாங்களேங்க."

கடையாணியைக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டையில் துடைத்து அச்சில் செருகினார். வண்டி உள்ளே போனது.

எத்தனை வண்டி வந்தது என்று நான் எண்ணவில்லை. கீழ்ப்பாதி முழுக்க மேடாகியது. தண்ணீர் போவதற்கென்று அடியில் ஒரு சிமெண்ட் குழாய் புதைத்தார்கள். ஒரு நாய் அதற்குள் நுழைந்து திரும்ப முடியாமல் குரைத்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்தோம். குழாயின் அகலம் அவ்வளவுதான். "இதுல ஐப்பசித் தண்ணி போகுமுங்களா?" என்று மயிலாத்தாள் கான்ட்ராக்டரையே கேட்டாள். "எஞ்சினியர் கணக்குப் போட்டிருக்கறாருங்க அம்மிணி" என்றார் அவர். எஞ்சினியர் என்று யாரும் அந்தப் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை.

மழைக்கு முன்பே கமிஷனருக்கு மாற்றல் வந்துவிட்டது. குழியைப் பார்க்க அவர் வரவே இல்லை.

ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் மயிலாத்தாள் தோட்டத்துக்கு வரவில்லை. நானே வீதிக்குப் போனேன். கோரைக்காட்டுத் தண்ணீர் எழும்பி வீதியின் வாசலில் வந்து நின்றது. வெள்ளம் பாய்ந்து வரவில்லை. பாய்ந்திருந்தால் வடிந்தும் போயிருக்கும். இது சத்தமில்லாமல் தரைக்கு அடியிலிருந்து ஏறியது. வீட்டுக்குள் எட்டிப்பார்த்தேன். தரை காய்ந்துதான் இருந்தது. தறிக்குழியில் மட்டும் தண்ணீர். மிதிகட்டைகள் மிதந்தன. ஒரு தவளை விளிம்பில் உட்கார்ந்திருந்தது.

ஆறுமுகம் குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று குடத்தால் மொண்டு கொடுத்தார். மயிலாத்தாள் வாங்கி வாசலில் கொட்டினாள். நானும் இறங்கி மொண்டேன். மொள்ள மொள்ள ஊறியது. வாசலில் கொட்டிய தண்ணீரே திரும்பி வருவதுபோல் இருந்தது. தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அதற்குப் பின்னால் நீளமாகப் பாவு, இன்னும் நெய்ய வேண்டிய நூல், தண்ணீருக்கு ஒரு விரல் மேலே தொய்ந்து நின்றது. பக்கத்து வீட்டில் மண்சுவர் சரிகிற சத்தம் கேட்டது.

ஆறுமுகம் மொள்வதை நிறுத்தினார். அந்த வீட்டில் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பாவை அறுத்துரலாமா?"

நெய்து முடியாத பாவை அறுப்பது அந்த வீதியில் பேசக்கூடாத பேச்சு. மயிலாத்தாள் சுவரில் இருந்த முருகன் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மூட மாட்டாக, நான் இருக்கேன்ல" என்று நான் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது.

"அறுங்க" என்றாள்.

அரிவாளை எடுத்து அவரே அறுத்தார். இழுத்துக் கட்டியிருந்த நூலெல்லாம் ஒரே சமயத்தில் தளர்ந்து தண்ணீரில் விழுந்தது.

மழை விட்ட மறுநாள் மெம்பர் வீதிக்கு வந்தார். முழங்கால் சேற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கூட ஆள் விட்டுச் சோறு கொண்டுவந்தார். "ஒண்ணுங் கவலைப்படாதீங்க அம்மிணி. தறி இல்லாட்டி என்னங்க? நம்ம பட்டறையில எப்பவும் வேலை இருக்குது. களமும் இப்ப நெம்பப் பெருசாயிருச்சு. ஆள் பத்தமாட்டேங்குது" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் கும்பிட்டார். சோறு நன்றாக இருந்தது. நானும் தின்றேன்.

வண்டி வேலையைத் தடுத்ததற்காக என்னைச் சந்தையில் குப்பை அள்ளுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஓவர்சீயர் அந்தச் சமயத்தில் ஓய்வு பெற்றார். கடைசி நாள் என்னிடம் வந்து, "நீங்க கேட்டீங்க. நான் கேட்கலை" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவும் இல்லை, அவரை மன்னிக்கவும் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

மழைநீர் ஊறின வீடுகளில் அந்த வாரமே எல்லோரும் தறிக்குழியை மூடினார்கள். மூட மண் எங்கே கிடைக்கும்? பள்ளத்தை மூடி மீந்த பாய்லர் சாம்பல் கேட்டோரம் குவிந்து கிடந்தது. அதைத்தான் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். மயிலாத்தாள் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அன்றைக்குக் கேலி இல்லை. நான் அடுத்த நாள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். அவள் சொன்னதுபோலவே.

மேட்டூர், பத்ராவதி, பம்பாய் என்று சில வருஷங்கள் போயின. அதற்குள் இங்கே பக்கத்துக் கிணறுகளில் காரவாடை வந்துவிட்டது. குடிக்க முடியவில்லை. அதன் பிறகுதான் இருக்கிற பாதியையாவது காப்பாற்ற வேண்டும் என்று கோரைக்காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். பலகை வைத்தார்கள். பழைய ஆள் யாராவது உண்டா என்று தேடினார்கள். நானும் அந்தச் சமயத்தில் ரயிலில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். இந்த முறை டிக்கெட் வாங்கியிருந்தேன். திரும்பவும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் ஓய்வு கொடுக்கும் வரை இங்கேதான் இருந்தேன்.

கேட்டால் போதும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். நான் கேட்டேன். அன்றைக்கு அந்தப் பாதையில் கமிஷனரைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆபீஸ் ஆட்களும், மூடினால் லாபம் பார்க்கிற ஆட்களும். தண்ணீர் ஏறினால் யார் வீட்டில் ஏறுமோ, அந்த வீதியிலிருந்து ஒருவர் இல்லை. மயிலாத்தாள் அப்போது கூப்பிடு தூரத்தில் பூவரசுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. "பள்ளத்தை மூடுங்க" என்ற சொல் அவள் காதில் விழுந்திருந்தால், அவள் குடத்தை வைத்துவிட்டு வந்து, "எதைங்க மூடச் சொல்றீங்க?" என்று கமிஷனரின் முகத்துக்கு நேரே கேட்டிருப்பாள். அவர் சிரித்திருப்பார். அதோடு முடிந்திருக்கும். உங்களைப் பார்க்க அதிகாரிகள் வரும்போது, மேல்வீதியிலிருந்து யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த முதல் நாள் கீழ்ப்பக்கம் போனேன். பள்ளம் ஓடிய இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. துணிகளுக்கு நடுவே ஒரு பெண் நிமிர்ந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க காவக்காரரே, கடப்பாரை எங்கீங்க?"

மயிலாத்தாள். விரல்களின் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்தது. ஆறுமுகம் பட்டறைக்குள் சலவைத் தொட்டியில் நிற்பதாகச் சொன்னாள். "அவருக்குக் குழிக்குள்ள நின்னு பழக்கந்தானுங்களே" என்றாள். பக்கத்தில் வேலை செய்த பெண்ணிடம், "இவிங்கதான் பள்ளத்துக்குக் காவல் இருந்தவிங்க" என்றாள். அந்தப் பெண் புதிதாக ஊருக்கு வந்தவள். "எந்தப் பள்ளம்?" என்று கேட்டாள். மயிலாத்தாள் ஒரு துணியை எடுத்து உதறினாள்.

கிளம்பும்போது கூப்பிட்டாள். "உங்க குழி அப்படியே இருக்குதுங்க. போய்ப் பாருங்க. வேலிதான் மக்கிப்போச்சு."

போய்ப் பார்த்தேன். பாதை பழைய இடத்தில் கொஞ்சம் மீந்திருந்தது. களத்துக்கும் கோரைக்காட்டுக்கும் நடுவே, கமிஷனர் காலை விட்ட அதே குழி. பள்ளத்தை மூட வந்த வண்டிகள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கின்றன. யாரும் அதில் ஒரு கை மண் போடவில்லை.

மண்வெட்டி எடுத்து வந்து மூடினேன். இரண்டு கூடை மண் பிடித்தது. மேலே ஏறி நின்று மிதித்தேன். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கமிஷனர் சொன்ன வேலை அன்றைக்குத்தான் முடிந்தது.